அடுப்பு வாயை அடைத்தவர்கள்

ஆடி மாதம் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஒரு வழக்கம் உண்டு. கூழ் கொதிக்கிற அண்டாவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெண் வந்து துடுப்பு போட வேண்டும். வீட்டுக்கு ஒரு கை. மாடி வீடோ கூரை வீடோ, கை விழாத வீடு தெருவிலேயே இல்லாத வீடு மாதிரி. புதுச்சேரி லாஸ்பேட்டைக் கல்லூரிகளுக்குப் பின்னால், ஸ்கூட்டர்கள் ஓடுகிற சாலையிலிருந்து உள்ளடங்கிக் கிடக்கும் அந்தச் சின்னத் தெருவில் இதை மட்டும் யாரும் மீறியதில்லை.

2005ஆம் வருடத்து ஆடியில் பலராமனின் மனைவி ஆயம்மா துடுப்பை வாங்கி இரண்டு முறை கிண்டினாள்.

"இது எங்க ஊட்டுக்கு," என்றாள் முதலில். அப்புறம் இன்னொரு சுற்று சுற்றி, "இது நம்ம ஜெயத்துக்கு. பாவம், அதெங்க வந்து கிண்டப் போவுது!" என்றாள்.

சுற்றி நின்ற பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அந்த உச்சுக் கொட்டலுக்குப் பத்தடி தள்ளி, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில், தலை குளித்துப் பூ வைத்து, மடியில் தன் வீட்டுக் கேழ்வரகு மாவுடன் உட்கார்ந்திருந்தாள் ஜெயம்.

அம்மா இருந்தவரை அம்மா கிண்டினாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி அந்த வீட்டின் கை யாருடையது? முப்பது வயதைத் தாண்டிய, தன் சம்பளத்தில் தன் அரிசியை வாங்கித் தின்கிற ஒரு பெண்ணின் கை, கை இல்லையா?

"அத்த!" என்று ஜெயம் கத்தியதில் மேளக்காரர்களே நிறுத்திவிட்டார்கள். "நான் செத்துட்டனா? எனக்குச் சேத்து நீ இன்னாத்துக்குக் கிண்டுற? எனக்குச் சேத்து சோறும் நீயே துண்ணுவியா?"

"நல்லது செஞ்சா இப்பிடித்தான்," என்று ஆயம்மா கண்ணைக் கசக்கினாள். உடனே தெருவே ஆயம்மா பக்கம் சாய்ந்தது. கால் இல்லாதவளுக்குக் கோபம் எதற்கு என்று கேட்டார்கள். ஊனத்தோடு பிறந்தால் அடக்கத்தோடும் பிறக்க வேண்டும் என்று இந்த உலகம் எந்தக் கோயில் வாசலில் எழுதி வைத்திருக்கிறதோ!

ஜெயம் ஊனத்தோடு பிறக்கவில்லை. நடை பழகுகிற வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இரண்டு கால்களும் சூம்பின. உள்ளங்கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கி நகர்ந்தே அவள் வளர்ந்தாள். அவளைப் பள்ளிக்குத் தன் சைக்கிளில் வைத்து மிதித்தவர் தாய்மாமன் பலராமன். மின்துறையில் கம்பம் ஏறுகிற வேலை பார்த்தவர், தெருக் கோயில் கமிட்டித் தலைவர். மழையில் தான் நனைந்து அவளுக்குக் குடை பிடித்தவர். அவர் பிடிவாதத்தால்தான் அவள் கட்டடப் பட வரைவு படித்தாள், ஓர் இன்ஜினியர் அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்தாள். இதையெல்லாம் ஜெயம் ஒருநாளும் மறுத்ததில்லை. மாமா என்றால் உயிர். அதனால்தான் பின்னால் நடந்தது அவ்வளவு வலித்தது.

அலுவலகத்தில் அவள் வரைந்ததெல்லாம் வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சமையலறை. ஒவ்வொரு சமையலறையிலும் நிற்கிறவர்களின் இடுப்பு உயரத்தில் ஒரு கருங்கல் மேடை. ஊரில் பாதிப் பேருக்கு மேடை வரைந்து கொடுத்தவள், தன் வீட்டில் தரையில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துச் சமைத்தாள். தான் வரைந்த ஒரு மேடையிலும் அவளால் ஒரு டம்ளர் வெந்நீர் போட முடியாது.

கூழ் நடந்த மறுநாள் அலுவலகத்தில் யாரோ ஒரு டாக்டர் வீட்டுச் சமையலறைப் படம் அவள் முன்னால் இருந்தது. அந்த மேடையை வரையப் பென்சிலை வைத்தவள் அழுத்திய அழுத்தில் முனை ஒடிந்தது.

கடல் பொங்கி ஊரை அடித்துப் போட்ட வருடத்துக்கு அடுத்த காலம் அது. உதவி நிறுவனங்கள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தன. அப்படி வந்த ஒன்று, தெரு மகளிர் குழுவுக்குப் பொதுச் சமையற்கூடம் ஒன்று கட்டித் தரச் சம்மதித்தது. ஆடிக் கூழ், கல்யாணம், காது குத்து எல்லாவற்றுக்கும் தெருவில் பந்தல் போட்டு மழையில் அடுப்பு அணைந்து அவதிப்பட்டவர்கள் அவர்கள். படம் யார் போடுவது என்று பேச்சு வந்ததும் ஜெயம் வண்டியைச் சுற்றிக்கொண்டு கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"நான் போடுறேன். மண்ணுலயும் சுண்ணாம்புலயும் கட்டலாம்."

குழுத் தலைவி ராஜாம்பாள் எழுந்துவிட்டாள். பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த குரல். கல்யாணச் சமையலில் கை தேர்ந்தவள்.

"மண்ணா? ஏன்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? மழைக்கு மழ எங்க ஊட்டுச் சொவுரு கரைஞ்சி, எங்க அம்மா ராவெல்லாம் அள்ளி அள்ளி அப்பும். அந்த மண்ணுல இருந்து வெளிய வர எங்களுக்கு ரெண்டு தலமுற ஆச்சு. வெள்ளக்காரன் மண்ணு வூடு அழகுன்னு போட்டோ புடிப்பான். அதுல தேளு கொட்டுனவளுக்குத்தான் தெரியும்!"

ஜெயத்துக்கும் ஏறியது. "உங்களுக்குத் தேளு கொட்டுச்சு. எனக்கு சிமெண்டுத் தர கொட்டுது. வந்து பாரு என் முட்டிய. வெயில்ல சூடு, மழையில வழுக்கு, தேய்ச்சா ரத்தம். கருங்கல்லு ஒரே ஒசரம், அதுக்கு நான் வேணாம். மண்ணு நாம சொன்னபடி கேக்கும். கரையாம கட்ட வழி இருக்குது. கல்லுல அடித்தளம், அதுக்கு மேல இறுக்கின மண்ணுக் கல்லு, சுண்ணாம்புப் பூச்சு, அகலமா ஓட்டுத் தாழ்வாரம். தேளு வந்தா என்னத்தான் முதல்ல கொட்டும், நான்தான கீழ இருக்குறவ!"

யாரோ சிரித்தார்கள். ராஜாம்பாள் சிரிக்கவில்லை.

அவளை மாற்றியது வாதம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயம் தன் வீட்டுக் கொல்லையில் ஈர மண்ணைக் குவித்து மாதிரி செய்தாள். நடுவில் நீளமாக ஒரு பள்ளம், ஆள் தொடை ஆழத்துக்கு. இரண்டு கரையிலும் தாழ்வான மண் அடுப்புகள். அண்டா கழுத்து வரை அடுப்புக்குள் இறங்கி உட்காரும். விறகு வைக்கிற வாய் பள்ளத்தின் பக்கம். நிற்கிறவர்கள் பள்ளத்தில் நிற்பார்கள், உட்காருகிறவர்கள் கரையில் உட்காருவார்கள். இருவருக்கும் ஒரே அடுப்பு.

ராஜாம்பாளைப் பள்ளத்தில் நிற்க வைத்தபோது வயிறு கரையில் இடித்தது.

"இடிக்குதுடி!"

"இரு அக்கா." ஜெயம் கையாலேயே அந்த இடத்து மண்ணை வழித்து, ராஜாம்பாள் வயிற்றின் அளவுக்கு ஒரு வளைவு வெட்டினாள். "இப்ப?"

ராஜாம்பாள் வளைவுக்குள் வயிற்றை வைத்து நின்று பார்த்தாள். கைகள் அடுப்புக்கு எட்டின. எதிர்க்கரையில் உட்கார்ந்திருந்த ஜெயத்தின் கண்ணும் அவள் கண்ணும் நேருக்கு நேர் இருந்தன. இத்தனை வருடத்தில் அவள் ஜெயத்தைக் குனியாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எனக்குன்னு ஒருத்தனும் இப்பிடி அளவெடுத்துச் செஞ்சதில்ல," என்றாள். "ரவிக்கைகூட டெய்லரு இறுக்கமாத்தான் தெய்ப்பான், கட்டேல போறவன்."

வேலை தொடங்கியது. மேஸ்திரி லூயிஸ் வந்தார். கடற்கரைப் பக்கத்து வெள்ளைக்காரத் தெருவின் பழைய வீடுகளில் சுண்ணாம்பு வேலை செய்தவர். வாயில் சுருட்டு, பேச்சில் பாதி பிரெஞ்சு. ஜெயத்தை 'மதாம்' என்றுதான் கூப்பிடுவார், சமையலறையைக் 'குசினி' என்பார். படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "மதாம், இது குசினியா சர்க்கஸா?" என்று கேட்டார்.

கேட்டதில் நியாயம் இருந்தது. பள்ளத்துக்குள் இறங்கப் படிகளோடு ஒரு வழவழப்பான சறுக்கும் வைத்திருந்தாள், பிள்ளைகள் சறுக்கி வந்து விறகு கொடுக்க. கரையில் வயதானவர்கள் உட்கார்ந்து கீரை ஆயும் திட்டில் பல்லாங்குழிக் குழிகள். கூரைச் சவுக்கு மரத்திலிருந்து கயிறும் ராட்டினமும், அண்டாவை யாரும் இடுப்பு ஒடியத் தூக்காமல் இறக்கிவைக்க. தரை முழுக்கக் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் கலந்த சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்து, பனிக்கட்டி மாதிரி வழுக்க வைத்தார் லூயிஸ். அதில் ஜெயம் கையை ஓர் உந்து உந்தினால் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போய்விடுவாள். பிள்ளைகள் அவளோடு பந்தயம் கட்டித் தோற்றார்கள்.

மேற்குச் சுவருக்கு வெளிச்சம் வேண்டும். கண்ணாடிக்குப் பதில் காலி பாட்டில்களை மண்ணில் பதிக்கலாம் என்றாள். புதுச்சேரியில் காலி பாட்டிலுக்குப் பஞ்சமா? ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து கோணியில் அள்ளி வந்தாள். சாயங்கால வெயிலில் பச்சையும் பழுப்புமாகத் தரையில் ஒளி விழுந்தபோது, "இது எங்கூட்டுக்காரு பொங்கலுக்குக் குடிச்சது," "இது எங்க மச்சான் கல்யாணத்துல அவரு என்ன அடிச்ச அன்னைக்கி குடிச்சது," என்று அடையாளம் சொன்னார்கள். சிரித்தார்கள். சிலர் சிரிக்காமல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆயம்மா கொண்டுவந்த மூட்டைதான் எல்லாவற்றிலும் பெரிது. பிராந்தி. கமிட்டித் தலைவர் வீட்டுப் பிராந்தி!

பலராமன் அன்றைக்கே முகம் கறுத்தார். அந்தப் பள்ளமும் அவரை உறுத்தியது. "அடுப்புக்கிட்ட குழியா? சவக்குழி மாதிரி இருக்குதும்மா. அதுவும் நீ தவழ்ந்து போற எடம்," என்று இரண்டு முறை சொன்னார். ஜெயம் சிரித்து விட்டுவிட்டாள். மாமாதானே!

திறப்பு விழாவை அடுத்த வருடத்து ஆடி வெள்ளிக்கு வைத்தார்கள். அன்றைக்கே கூழும். பெரிய மனிதர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. அவர் கேஸ் அடுப்புகள் அன்பளிப்பாகத் தருகிறார் என்றார் பலராமன். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஜெயத்திடம் வந்து, "தரைக்கு மறுபடி ஒரு கடைசிப் பூச்சு போட்ருக்குது. காயட்டும். விழா அன்னைக்கி வந்தா போதும். நீ ஆபீஸ் வேலையப் பாரு," என்றார். சுண்ணாம்புத் தரையின் கடைசிப் பூச்சில் கால் வைக்கக் கூடாதுதான். அவளுக்குத் தெரிந்த விஷயம். அதனால் நம்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை நான்கு ஆண்கள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார்கள். மாலை சுற்றிய நாற்காலி. "உக்காரும்மா. நீதான் இன்னைக்கி ராணி," என்றார் பலராமன். வண்டியிலேயே வருகிறேன் என்று அவள் சொல்லச் சொல்ல, தூக்கி வைத்தார்கள். மேளம் முன்னால் போனது. தோளுயரத்தில் ஆடி ஆடி, கைகள் ஊன்ற இடமில்லாமல், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நாற்காலிக் கையைப் பிடித்தபடி அவள் தன் சமையற்கூடத்துக்குள் நுழைந்தாள்.

உள்ளே வெளிச்சம் இல்லை.

மேற்குச் சுவர் முழுக்கச் சிமெண்டு பூசி, மேலே மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தது. பாட்டில்கள் இருந்த தடமே இல்லை. தரையில் பள்ளம் இல்லை. மணலும் இடிசலும் கொட்டி மூடி, மேலே சிமெண்டு. மண் அடுப்புகளின் வாய்கள் அந்தச் சிமெண்டுக்குள் புதைந்து கிடந்தன. சுவரோரம் பளபளவென்று ஒரு கருங்கல் மேடை. இடுப்பு உயரம். மேலே கேஸ் அடுப்புகள்.

"தவளக்குப்பத்துல இருந்து ஆள இறக்கி ரெண்டே நாள்ல முடிச்சேன்," என்றார் மாமா. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "எல்லாம் புதுசு. குழி இல்ல. இனிமே பயமில்ல. நீ இப்பிடி ராணி மாதிரி உக்காந்து, இவளுங்கள வேல வாங்கு."

கையில் சால்வையோடு வந்து போர்த்தினார். ஜெயம் அதை இழுத்துத் தரையில் எறிந்தாள்.

"என்ன கீழ எறக்கு."

"ஜெயம், பெரியவங்க வர நேரம்..."

"எறக்கு மாமா என்ன!"

நாற்காலியை இறக்கினார்கள். அவள் புதுச் சிமெண்டுத் தரையில் கைகளை ஊன்றினாள். சொரசொரவென்று தோல் உரிந்தது. புதைந்து கிடந்த ஓர் அடுப்பின் விளிம்புக்கு நகர்ந்து போய் அதைத் தடவினாள். இறந்த குழந்தையின் நெற்றியைத் தடவுகிற மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் வாயில் முந்தானையை அழுத்தினார்கள்.

"ஏன் மாமா?"

"நீ அந்தக் குழியில வுழுந்துட்டினா? உங்க அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

"நான் தரையிலயே கெடக்குறவ. நான் எங்கிருந்து மாமா வுழுவேன்? நீ தூக்கி வச்ச நாக்காலியில இருந்துதான் வுழுவேன்!"

"உன் நல்லதுக்குத்தான்..."

"என் நல்லது! சைக்கிள்ல வச்சி மிதிச்ச, இல்லங்கல. அதுக்காக சாவுற வரைக்கும் நான் கேரியர்லயே உக்காந்திருக்கணுமா? இந்தத் தெருவுல எல்லாரும் எனக்கு சோறு போட்டாச்சு. ஒருத்தராவது என் கையால வாங்கித் துன்னீங்களா? அந்த அடுப்பு எனக்கு எட்டுற அடுப்பு மாமா. உலகத்துல அது ஒண்ணுதான் எட்டும். அதோட வாயில மண்ணப் போட்டுட்டியே!"

பலராமனுக்கும் கோபம் வந்தது. நாலு பேர் முன்னால் வளர்த்த பெண் கேட்கிற கேள்வி அது. "நன்றி கெட்டவளே! கால் இல்லாதவளுக்கு வாய் மட்டும் காது வரைக்கும்," என்று கத்திவிட்டார். சொன்ன பிறகுதான் அதன் கனம் அவருக்கே தெரிந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

ஜெயம் அழவில்லை. வாசலில் வேப்பமரத்தடியில் சுருட்டோடு உட்கார்ந்திருந்த லூயிஸைப் பார்த்தாள். அவரிடம் சொல்லாமலேதான் வேறு ஆளை வைத்து முடித்திருந்தார்கள். கேள்விப்பட்டு வந்தவர் உள்ளே வர மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"லூயிசண்ணே, உளியும் சுத்தியும் குடு."

அவர் கருவிப் பையையே கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். "ரெண்டு நாள் சிமெண்டு, மதாம். இன்னும் பால் குடி மறக்கல. ஓரத்துல போடு, எழும்பும்."

முதல் அடியில் பொறி பறந்தது. உடம்பையே தூக்கிச் சுமந்து பழகிய தோள்கள் அவை. இரண்டாவது அடியில் விரிசல் ஓடியது. பலராமன் வந்து கையைப் பிடித்தார். அவள் உதறினாள். மறுபடி பிடிக்கப் போனவருக்குக் குறுக்கே ஒரு பெரிய உடம்பு வந்து நின்றது. ராஜாம்பாள்.

"கைய எடு தலைவரே."

"இது இன்னா புதுசா இருக்குது? மண்ணு வேணாம்னு மொதல்ல கத்துனவளே நீதான?"

"ஆமா, கத்துனேன். எனக்கு வேணாம்னா நான் கத்துவேன். எனக்கு இன்னா வேணும்னு என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ? அங்க என் வயித்துக்கு ஒரு எடம் செஞ்சி வச்சிருந்தா அவ. அத எவன்டா மூடுனது? ஆயம்மா! உன் புருசன் முதல்ல எந்தச் சொவுர பூசச் சொன்னாரு, கேளு! தன் பிராந்தி பாட்டில மறைக்க எங்க அடுப்ப மூடிட்டாரு!"

ஆயம்மா அந்த மஞ்சள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். ராஜாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகி, மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தாள்.

எல்லாரும் வந்து சேர்ந்துகொண்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பாதிப் பேர் கோயில் காரியம் கெட்டது என்று முனகிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இரண்டு பேர், மேடை நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். பெரிய மனிதரின் கார் வந்தது. புழுதி பறக்க உளியடிக்கிற பெண்ணைப் பார்த்துவிட்டு, சட்டையில் தூசு படுமுன் திரும்பிப் போனது. கேஸ் அடுப்புகளும் அதன் பின்னாலேயே போயின. மிச்சம் இருந்த நாலைந்து பெண்கள்தான் மணலைக் கூடையில் அள்ளினார்கள். மத்தியானத்துக்குள் பள்ளத்தில் ஒரு மூலை திறந்தது. ஓர் அடுப்பின் வாய் வெளியே தெரிந்தது. சறுக்கு உடைந்திருந்தது. பாட்டில் சுவர் மஞ்சளாகவே நின்றது. அதைச் சுரண்டி எடுக்கப் பல மாதம் ஆனது. சில பாட்டில்கள் சிமெண்டோடு சேர்ந்து உடைந்தே வந்தன.

அந்த ஒரே அடுப்பில் கூழ் ஏறியது. அரைகுறைப் பள்ளத்தில், இடிசல்மேல் நின்று ராஜாம்பாள் விறகைத் தள்ளினாள். கரையில், அண்டாவின் விளிம்புக்கு நேராக ஜெயம் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கைகளில் துணி சுற்றியிருந்தது. நொய் வெந்து, கரைத்த கேழ்வரகு மாவு இறங்கி, குபுகுபுவென்று கொப்புளம் வெடித்து அவள் முழங்கையில் தெறித்தது. "எட்டி உக்காருடி," என்றார்கள். உட்காரவில்லை.

வீட்டுக்கு ஒரு கை. பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கோபித்துக்கொண்டு போனவர்களிலும் பலர் வந்தார்கள், கை விழாவிட்டால் வீடு இல்லையே. ஜெயம் தன் வீட்டின் கையைப் போட்டபோது யாரும் அறிவிக்கவில்லை, மேளம் அடிக்கவில்லை. துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து அடி வரைக்கும் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் உதடுகள் எதையோ முணுமுணுத்தன. அம்மாவைக் கூப்பிட்டாளோ, மாமாவைத் திட்டினாளோ!

ஆயம்மா கடைசியாக வந்தாள். துடுப்பை வாங்கி ஒரே ஒரு முறை கிண்டினாள். திருப்பிக் கொடுக்கும்போது ஜெயத்தின் முகத்தைப் பார்க்காமல், "அவரு கூழ் வேணாம்னுட்டாரு. படுத்துட்டாரு," என்றாள்.

"வேணாம்னா போவட்டும். நீ கொண்டுபோய் முன்னாடி வை," என்றாள் ஜெயம். "நான் இன்னும் அவரு சொன்னத மறக்கல. அதையும் சொல்லு."

கூழ் ஆறிப் பதத்துக்கு வந்ததும் முதல் படி அம்மனுக்குப் போனது. அடுத்தது ராஜாம்பாள். சொம்பை நீட்டி வாங்கி, நின்றபடியே ஒரு மடக்குக் குடித்தாள். முகம் கோணியது.

"ஏன்டி, உப்பு எங்கடி?"

ஜெயம் நிமிர்ந்தாள்.

"உப்புடி, உப்பு! இவ்ளோ பெரிய அண்டாவ வச்சிகினு, ஒரு கை உப்பு போட உனக்கு வக்கில்லையா? உங்க அம்மா இன்னா பக்குவமா போடும்! இத எவ வாயில வைப்பா? நாயிகூட நக்காது. சமைக்க வந்துட்டா, சமைக்க!"

ஜெயத்தை யாரும் இப்படிப் பேசியதில்லை. அவள் எது செய்தாலும், ஐயோ பாவம், இதைச் செய்ததே பெரிது என்றுதான் இந்தத் தெரு சொல்லியிருக்கிறது. ஒருவரும் அவள் சமையலை வாயில் வைத்துக் காறித் துப்பியதில்லை.

ஜெயத்தின் முகம் சிவந்தது. கண்கள் நிறைந்து வழிந்தன. அதைத் துடைக்காமலே, உப்புச் சட்டியை இழுத்து அண்டாவில் கவிழ்த்தபடி, ராஜாம்பாளைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

அவள் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. ராஜாம்பாளும் விடவில்லை. பள்ளத்திலிருந்து ஒருத்தியும் கரையிலிருந்து ஒருத்தியுமாக, முகத்துக்கு நேர் முகம் வைத்து, இருட்டுகிற வரைக்கும் திட்டிக்கொண்டே தெரு முழுவதற்கும் கூழ் ஊற்றினார்கள்.